மே மாதத்து நிழல்

"உங்க ஊரு பசுமையான ஊரா?" என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நாற்றுப்பண்ணை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வேறு பதில் தெரியாது. டிசம்பரில் இங்கே எல்லாம் பச்சைதான். ஏரி நிரம்பியிருக்கும், மயிலம் குன்றின் சரிவில் புல் மண்டியிருக்கும், செஞ்சிக் கோட்டைப் பாறை இடுக்கில்கூடக் கொடி தொங்கும். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குச் சான்றிதழ் எழுதிவிடக் கூடாது. மே மாதம் பகல் ஒரு மணிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, குடை இல்லாமல் புதிய பேருந்து நிலையம் வரை நடந்து பாருங்கள். வழியில் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்க முடிகிறதோ, ஊரின் பசுமை அவ்வளவுதான்.

மழை போதவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1000 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது. லண்டனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 600தான். அங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறலாக விழுகிறது. இங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில், அதிலும் சில பெருமழைகளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. ஒரு வருஷத்து மழையில் பாதி! என் பண்ணையில் விதைத் தட்டுகள் மிதந்துபோய்ப் பக்கத்துக் கொல்லையில் கரை ஒதுங்கின. அடுத்த சித்திரையில் அதே மண்ணில் குழி எடுக்கக் கடப்பாரையைப் போட்டால் 'ணங்' என்றது. எங்கள் பக்கத்தை வறண்ட பூமி என்று சொல்வது மழையின் அளவை வைத்தல்ல, மாசியிலிருந்து ஆனி வரைக்குமான அந்த ஐந்து மாதத்தை வைத்துத்தான். இங்கே மரம் வளர்ப்பது என்பது ஒரு செடியை அந்த ஐந்து மாதத்துக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவது. அதுவும் ஒரு தடவை போதாது, மூன்று கோடைக்காவது விட வேண்டும்.

ஆனால் எங்களுக்கு ஆர்டர் குவிவது ஜூன் 5-இல். உலகச் சுற்றுச்சூழல் நாள். 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய தேதி அது. அதற்கடுத்து ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம். 1950-இல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கிவைத்தது. கேரளத்துக்கு ஜூன் பொருந்தும், வடநாட்டுக்கு ஜூலை பொருந்தும், தென்மேற்குப் பருவமழை அவர்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறது. எங்களுக்கு ஜூன் 5 என்பது அக்கினி நட்சத்திரம் முடிந்த சூடு ஆறாத வாரம். மேற்கிலிருந்து அனல் காற்று அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் ரிப்பன் கட்டி, குழிக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டு, சிறப்பு விருந்தினர் வந்து செடியை வைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். செடிக்கு அடுத்த மழை எப்போது? அதிர்ஷ்டமிருந்தால் ஆடியில் ஒரு இடிமழை. நிச்சயமான மழை என்றால் ஐப்பசிதான். நடுவில் நாலு மாதம். விற்கிறவன் விற்றுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அடுத்த ஜூனில் அதே குழிக்கு அதே ஆர்டர் மறுபடியும் வரும். எங்கள் தொழிலில் சிலருக்கு இதுதான் நிலையான வருமானம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், உண்மை அதுதான்.

ஆவணியில் குழி எடுத்து ஆறப்போட வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, செம்பாறை தட்டுகிற இடமாக இருந்தால் மூன்றடி. மேல்மண்ணையும் தொழு எருவையும் கலந்து ஓரத்தில் வைத்துக்கொண்டு, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப் பிறகோ நட்டால், தை பிறப்பதற்குள் வேர் கீழே இறங்க மூன்று மாதம் கிடைக்கும். இறங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. செடியைச் சுற்றி மண்ணை மூட எங்கள் பக்கத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை: முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றிய கொல்லைகளில் கரும்புச் சோகை கிடைக்கும், திண்டிவனத்துக் கடலை மில்களில் தோல் கிடைக்கும். கடலைத் தோலில் கரையான் ஏறும், அதனால் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கடலை ரகங்களைச் சொல்கிறார்களே, அந்த டி.எம்.வி. எங்கள் திண்டிவனம்தான், இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவை. மானாவாரியில் எது தாங்கும் என்று பயிருக்கு இத்தனை ஆண்டுகளாகப் பார்த்த ஊர், தெருவோர மரத்துக்கு அப்படிப் பார்த்ததில்லை.

நாற்று வாங்க வருகிறவர்கள் உயரத்தைப் பார்ப்பார்கள். ஆறடிச் செடி என்றால் முகம் மலரும். அந்த ஆறடி எவ்வளவு பெரிய பையில் நிற்கிறது என்று பார்ப்பவர் குறைவு. சின்ன கவரில் இரண்டு வருஷம் நின்ற செடியின் ஆணிவேர் அடியில் முட்டி, திரும்பி, சுற்றிச் சுற்றி ஜிலேபி மாதிரி கிடக்கும். தரையில் வைத்த பிறகும் அந்தச் சுருள் பிரியாது. மேலே தழைக்கும், பூக்கும், எல்லாம் நன்றாகவே நடக்கும். பத்தாவது வருஷம் ஒரு புயலில் முழு மரமும் வேரோடு படுக்கும்போது பார்த்தால், அடியில் கவரின் வடிவம் அப்படியே இருக்கும். இதனால்தான் பண்ணையில் மாதம் ஒரு முறை பைகளை இடம் மாற்றி வைக்கச் சொல்கிறோம். பையைத் துளைத்துத் தரைக்குள் போகப் பார்க்கும் வேரை அப்போதே கத்தரிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை. கூலி ஆளுக்கும் பிடிக்காது, முதலாளிக்கும் பிடிக்காது. என்னைக் கேட்டால் முழங்கால் உயரத்தில், பென்சில் பருமனில், நேரான வேரோடு இருக்கும் செடிதான் வாங்க வேண்டியது. மூன்றாவது வருஷம் அது ஆறடிச் செடியைத் தாண்டிவிடும். இதை நம்பி வாங்கியவர்கள் குறைவு, அவர்களே திரும்பவும் வருகிறார்கள்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அது ஒரு பரீட்சைத் தாள். அடுத்த சில வாரங்கள் மரம் அறுக்கப் போன இடமெல்லாம் எது விழுந்தது, எது நின்றது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மே ஃபிளவர், இயல்வாகை, தூங்குமூஞ்சி: சீக்கிரம் வளர்ந்து குடை விரிக்கும் மரங்கள் எல்லாம் சாலையில் கிடந்தன. வேம்பு கிளை முறிந்து நின்றது. புங்கன் இலையை மட்டும் பறிகொடுத்தது. பனைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது இந்தக் காற்றுக்கென்றே பிறந்தது. ஆனால் அடுத்த ஜூனில் வந்த ஆர்டரைப் பாருங்கள்: மறுபடியும் மே ஃபிளவர். பூ அழகு, சீக்கிரம் வளரும். பிறகு கோனோகார்பஸ் வந்தது. கிளையை வெட்டிச் செருகினாலே தழைக்கும், ஆடு தொடாது, வருஷம் முழுக்கப் பச்சை. பண்ணைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அதை நடவும் விற்கவும் தடை போட்டது.

எந்த மரம் எந்த மாதம் இலை உதிர்க்கும் என்பதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. வாகை தை, மாசியில் மொட்டையாகி, காய்ந்த காயைக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டு நிற்கும். மே ஃபிளவர் பூக்கிற வரை வெறும் குச்சி. புங்கன் பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, அந்தக் கையோடு புதுத் தளிர் விட்டுவிடும். சித்திரை வெயில் ஏறும்போது அதன் அடியில் நிழல் தயாராக இருக்கும். வேம்பும் அப்படித்தான். நாவல், மகிழம், புன்னை, பூவரசு ஆகியவை எப்போதும் இலையோடு இருப்பவை. வெயில் கொல்கிற மாதத்தில் இலை இல்லாத மரத்தை வெயில் ஊரில் நடுவது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் மாவட்டம் வேறு மாதிரி தெரியும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காட்டுப் பரப்பு கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேர், அதில் பத்து சதவீதத்துக்கு மேல் இலைக் கவிகை இருந்தால் அது கணக்கில் சேரும். என்ன மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மூன்று, நாலு வருஷத்தில் கழிக்கும் காகித ஆலைக்கும் வெட்டப்படுவது; வானூர் பக்கத்து முந்திரித் தோப்பு; ஏரிக்குள் மண்டிய சீமைக்கருவேலம்; எல்லாம் அங்கே பச்சைதான். 1981 முதல் சுவீடன் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். விறகுக்காக நட்டது, வளர்ந்ததும் ஏலம் போனது. தப்பில்லை, ஆனால் ஊருக்குள் நடக்கிறவனுக்கு அதனால் ஒரு அடி நிழல் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. அந்த 33-இல் விழுப்புரம் நேருஜி ரோட்டுக்கு எவ்வளவு என்பது என் கவலை.

வறண்ட மண்ணில் காடு வருமா என்று கேட்பவர்களை ஆரோவில் பக்கம் கூட்டிப்போவேன். மாத்ரிமந்திரைப் பார்க்க அல்ல, மண்ணைப் பார்க்க. 1968 பிப்ரவரி 28-இல் அந்த நகரத்தைத் தொடங்கியபோது அது சிவப்புச் செம்பாறை மேடு. மேல்மண் முழுவதும் கடலுக்கும் கழுவெளிக்கும் போய்விட்டிருந்தது. மழைநீர் அறுத்த ஓடைகள் ஆள் மறையும் ஆழத்துக்கு இருந்தன. இரும்பை கோயில் பக்கம் கேட்டால் கடுவெளிச் சித்தர் விட்ட சாபம் என்பார்கள். சாபமோ, வெட்டிய காடோ, அங்கே வந்தவர்கள் முதலில் செய்தது செடி நடுவதல்ல, வரப்புப் போடுவது. சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு, ஓடைக்குக் குறுக்கே தடுப்பு. விழுகிற மழை விழுந்த இடத்திலேயே நிற்கட்டும் என்று. அதற்குக் கூலிக்குப் போனவர்கள் எடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், கோட்டக்கரை, ஆலங்குப்பம் ஆட்கள். எங்கள் சித்தப்பா அதில் ஒருவர். நான் தொழில் கற்றது அவரிடம். "செடி அப்புறம்டா, மொதல்ல தண்ணி எங்க ஓடுதுன்னு மழையில நின்னு பாரு" என்பார். மழையில் நின்று பார்க்கச் சொன்ன வேறு எந்த வாத்தியாரும் எனக்கு வாய்க்கவில்லை.

ஆரோவில்காரர்கள் முதலில் ஆஸ்திரேலிய அகேசியாவை வேலைக்கு வைத்தார்கள். வேகமாக வளரும், மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும், இலை உதிர்த்து மூடும். அதன் நிழலில் நாட்டு மரங்களை வைத்தார்கள். தானே புயலில் அந்த அகேசியாக்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அடியில் வளர்ந்திருந்த நாட்டு மரங்களில் பல நின்றன. வேலை முடிந்த கூலிக்காரன் வீட்டுக்குப் போனதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். இந்த அனுபவம் ஆரோவில்லோடு நின்றுவிடவில்லை. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டில் நாட்டு மரம் வளர்த்துப் பழகிய கைகள்தான் சென்னையில் 2011-இல் திறந்த அடையாறு தொல்காப்பியப் பூங்காவையும் மீட்டெடுத்தன. மியாவாக்கி என்று இப்போது ஊருக்கு ஊர் நெருக்கி நடுகிறார்கள். அந்த முறைக்குப் பெயர் தந்த ஜப்பானியப் பேராசிரியர் வலியுறுத்தியது நெருக்கத்தை மட்டுமல்ல, அந்த மண்ணில் இயற்கையாக இருந்த காட்டு மரங்களையே நட வேண்டும் என்பதையும்தான். நெருக்கம் மட்டும் நம்மூருக்கு வந்து சேர்ந்தது.

அப்படி என்ன மரம் இருந்தது? பதிலுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும். கோயிலைச் சுற்றி இருப்பது இந்தக் கரையின் பழைய காட்டில் மிஞ்சிய துண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் பெயர் வைத்திருக்கிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தார் வந்து அளந்து எழுதியிருக்கிறார்கள். உலர், ஆனால் பசுமை மாறாது. அக்கினி நட்சத்திரத்தில் உள்ளே போய்ப் பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, யாரும் எரு வைத்ததில்லை. தலைக்கு மேலே வானம் தெரியாது. வீரை, காசான், நாவல், காட்டெலுமிச்சை, உலக்கைப்பாலை. பெரும்பாலும் சின்ன, தடித்த, பளபளக்கும் இலை. அய்யனாரின் குச்சியைக்கூட ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற பயம்தான் இந்தக் காட்டைக் காப்பாற்றி வைத்தது.

இதில் உலக்கைப்பாலை எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம், வேறு காரணத்துக்காக. சப்போட்டா ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடி அதுதான். வறட்சி தாங்கும், வேர் நோய் வராது என்பதால் சப்போட்டாவுக்குக் கால் கொடுக்கிறது. ஒட்டு பிடித்ததும் பாலையின் தலையை வெட்டிவிடுவோம். வருஷக்கணக்கில் அதன் வேரை மட்டும் விற்ற நாங்கள், முழு மரமாக விற்கத் தொடங்கியது சமீபத்தில்தான். வாங்க ஆள் குறைவு. முதல் மூன்று வருஷம் முழங்காலைத் தாண்டாது. "இன்னாங்க, செடி செத்துட்டா மாதிரியே கீது" என்று போன் வரும். சாகவில்லை, கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்வேன்.

      

ஊருக்குள் வருகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் எண் போட்ட புளிய மரங்கள் நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். வருஷா வருஷம் புளிக்கு ஏலம் போகும். நாற்கரச் சாலை வந்தபோது அவை போயின. அகலப்படுத்தினால் போகத்தான் செய்யும், அதை அழுது பயனில்லை. வெட்டியதற்கு ஈடாக வைத்தது எங்கே என்று மட்டும் கேட்கலாம். நடுவில் அரளியும் காகிதப்பூவும் இருக்கின்றன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறவர்களுக்கு அதுவே பச்சை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இல்லை.

நகருக்குள் பிழைத்த மரங்களை வைத்து ஒரு விஷயம் சொல்ல முடியும். எனக்குத் தெரிந்து, யாரும் அடியில் உட்காராத இடத்தில் வைத்த செடி முக்கால்வாசி போய்விட்டது. டீக்கடை முன்னால் வைத்தது, ஆட்டோ ஸ்டாண்டில் வைத்தது, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் வைத்தது எல்லாம் இருக்கின்றன. கிளாஸ் கழுவிய தண்ணீர் போதும் ஒரு புங்கனுக்கு. ஆடு வந்தால் விரட்ட ஆள் இருக்கிறது. மின்வாரியத்தார் கிளை கழிக்க வந்தால் "அண்ணா, கம்பிய தொடுறத மட்டும் வெட்டுங்க" என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. அதனால் தெரு நடவு வேலை எடுத்தால், முதலில் கடைக்காரர்களிடம் போய் எங்கே உங்களுக்கு நிழல் வேண்டும் என்று கேட்கிறேன். சிலர் பலகை மறைக்கும் என்று வேண்டாம் என்பார்கள். அங்கே வைப்பதில்லை. வைத்தால் ஒரு ராத்திரியில் கொதிநீர் ஊற்றிவிடுவார்கள். வேண்டும் என்கிறவர் கையாலேயே குழிக்கு இடம் காட்டச் சொல்வேன். வரைபடத்தில் இடைவெளி சீராக இல்லை என்று மேஸ்திரிகள் குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

போன மாசம் விக்கிரவாண்டிப் பக்கம் மனை போட்ட ஒருவர் வந்தார். நகருக்குப் பெயரிலேயே பசுமை வைத்திருக்கிறார். பூங்காவுக்கு விட்ட இடத்தில் இப்போதைக்குச் சீமைக்கருவேலம் நிற்கிறது. இருநூறு மரம் வேண்டும், உடனே நிழல் தருவதாக. புங்கனும் நாவலும் வேம்பும், இடையிடையே பாலையும் மகிழமும் என்று எழுதிக் கொடுத்தேன். நாற்றுக்கு ஒரு தொகை, கூண்டுக்கு ஒரு தொகை, மூன்று கோடைக்கு டேங்கர் தண்ணீருக்கு ஒரு தொகை. மூன்றாவது வரியைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பி வைத்தார். "செடியை வனத்துறை நர்சரியிலேயே குறைந்த விலையில் வாங்கிக்கலாமே சார்" என்றார். தாராளமாக வாங்குங்கள், அங்கே செடி நன்றாகவே இருக்கும், தண்ணீருக்கு மட்டும் என்னோடு பேசுங்கள் என்றேன். புரட்டாசிக்குள் சொல்வதாகப் போயிருக்கிறார்.